சந்தியாகு அண்ணன் அங்கே பார்த்ததும் நான் இங்கே செய்ததும்

இராமநாதபுரம் ரயில் நிலையத்தில் மதுரை வண்டிக்காகக் காத்திருந்தபோது சந்தியாகு அண்ணனின் மகள் ஜெனிட்டாவின் அழைப்பு வந்தது. எடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று மாலை மதுரையில் ஒரு கருத்தரங்கு. வெளிநாடுகளில் ஆவேசமாகப் பேசும் தலைவர்கள் எப்படித் தேர்தல்களில் வெல்கிறார்கள், நம்மைப் போன்ற மிதமான இடதுசாரிகள் அதிலிருந்து என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று பேச அழைத்திருந்தார்கள். கையில் பன்னிரண்டு பக்கக் குறிப்பு வைத்திருந்தேன். சந்தியாகு அண்ணன் வீட்டிலிருந்து அழைப்பு என்றால் ஏதாவது வேலை சொல்வார்கள், திரும்பி வந்து பேசிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். அழைப்பு நிற்கப்போகிற சமயத்தில் எடுத்தேன்.

"அய்யா போயிட்டாக வக்கீலம்மா," என்றார் ஜெனிட்டா. "நெஞ்சு வலிக்குதுன்னாக. ராம்நாட்டுக்குக் கொண்டு வாரோம், பாம்பன் பாலம் தாண்டங்குள்ள ஆம்புலன்ஸ்லயே போயிட்டாக."

மதுரைக்காரர்களுக்கு வரமுடியாது என்று செய்தி அனுப்பிவிட்டு, நிலையத்துக்கு வெளியே வந்து கார் பிடித்து இராமேசுவரம் சாலையில் திரும்பினேன். குறிப்புத் தாள்கள் மடியிலேயே இருந்தன. அவற்றில் பாதி, அந்த மனிதர் என்னிடம் சொன்னவை. ஒரு இடத்திலும் அவர் பெயரை நான் எழுதியிருக்கவில்லை.

இந்த இதழின் வாசகர்களில் பலருக்கு அவரைத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும், கூட்டங்களில் மைக் கட்டுகிறவராக, நாற்காலி எடுத்துப் போடுகிறவராகத்தான் தெரிந்திருக்கும். தங்கச்சிமடத்துக்கு அருகே ஒரு மீனவர் ஊரில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுக் கடலுக்குப் போனவர். அவர் வேலை பார்த்த விசைப்படகை நடுக்கடலில் இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன பிறகு, சில மாதம் சிறையில் இருந்துவிட்டுத் திரும்பி, ஓர் ஏஜெண்ட் மூலமாக வட ஐரோப்பாவில் ஒரு துறைமுகத்துக்கு இறால் பிடிக்கும் படகில் கூலியாகப் போனார். அந்த நாட்டின் பெயரை எழுத வேண்டாம் என்று ஜெனிட்டா கேட்டுக்கொண்டார். அவரோடு போன சிலர் இன்னும் அங்கே அதே காகிதங்களோடு வேலை செய்கிறார்கள். கரையில் தங்க அனுமதியில்லாத காகிதம் அது. மீனை இறக்கினாலும், புயலில் கடலுக்குப் போகாமல் கிடந்தாலும், படகுக்குள்ளேதான் தூங்க வேண்டும். அப்படி எட்டு ஆண்டுகள் இருந்தார். மனைவி காலமான பின் மகளுக்குத் துணை வேண்டும் என்று ஊர் திரும்பினார்.

என்னைத் தேடி அவர் முதன்முதலாக வந்தது ஒரு வழக்குக்காக அல்ல. இதே இதழில் நான் எழுதிய ஒரு கட்டுரைக்காக. வெளிநாடுகளில் வலதுசாரிகள் தொடர்ந்து வெல்வதைப் பற்றி எழுதி, அதற்கு 'மயங்கிய மக்கள்' என்று தலைப்பு வைத்திருந்தேன். ஜெனிட்டா அதை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். மறுநாள் இதழை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள என் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். கட்சிக்காரர்கள் பாராட்டுக்கு வருவதுண்டு. இவரும் அதற்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து உட்காரச் சொன்னேன்.

"இதுல எழுதியிருக்கீகளே, ஒரு துறைமுகத்து ஊரு முச்சூடும் அந்த ஆளுக்கு ஓட்டுப் போட்டுச்சுன்னு. நான் அங்கன இருந்தேன் வக்கீலம்மா," என்றார். "அவுக யாரும் மயங்கல."

பிறகு யோகானைப் பற்றிச் சொன்னார். யோகான் அந்தத் துறைமுகத்தில் வலை பழுது பார்க்கும் கிழவர். சந்தியாகு அண்ணனுக்கு வலை வேலை நன்றாகத் தெரியும் என்பதால், படகு கரையில் கிடக்கும் நாட்களில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து வலை கட்டுவாராம். இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம். இவர் குளிரில் நடுங்குவதைப் பார்த்துத் தன்னுடைய கம்பளிச் சட்டையைக் கொடுத்தவர் யோகான். தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர் பக்கம் நின்ற பழைய கட்சிக்கே ஓட்டுப் போட்ட குடும்பம் அவருடையது. அந்த வருடம் அவர் கட்சி மாறிப் போட்டார். வெளிநாட்டுக் கூலிகளை ஒரே மாதத்தில் கப்பலேற்றுவேன் என்று சொன்னவனுக்குப் போட்டார். போட்டுவிட்டு, தானே வந்து சந்தியாகு அண்ணனிடம் சொல்லவும் செய்தார்.

உங்களுக்குக் கோபம் வரவில்லையா என்று கேட்டேன்.

"வராம? ரெண்டு நாளு அவரு பக்கமே போகல. மூணா நாளு போயி, ஏன் போட்டீகன்னு கேட்டேன். கேட்டதும் மனுசன் ஒரு மணி நேரம் பேசுனாரு. அதுக்கு முந்தி அவர்ட்ட யாரும் அதைக் கேக்கவே இல்லையாம்."

அந்த ஒரு மணி நேரத்தை அவர் எனக்கு அரை மணி நேரத்தில் சொன்னார். ஊரின் ஐஸ் கம்பெனி மூடப்பட்டிருக்கிறது. பிறகு ஏலக்கூடம். பிறகு சின்ன ஆஸ்பத்திரியை எடுத்துப் பக்கத்து நகரத்தோடு சேர்த்துவிட்டார்கள். பழைய கட்சியின் வேட்பாளர் வந்தபோது யோகான் ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்டிருக்கிறார். நாடு முழுவதற்கும் அதனால் நன்மை என்று வேட்பாளர் விளக்கியிருக்கிறார். விளக்கம் சரியாகக்கூட இருக்கலாம், எனக்குத் தெரியாது என்றாராம் யோகான். ஆனால் பேசி முடிக்கும்வரை அந்த வேட்பாளர் ஊரின் பெயரைத் தப்பாகவே உச்சரித்தாராம். கப்பலேற்றுவேன் என்ற அந்த இன்னொருவன் வந்து காப்பிக்கடையில் உட்கார்ந்தான். எல்லார் சொன்னதையும் கேட்டான். ஆஸ்பத்திரி திரும்பி வரும் என்று அவனும் சொல்லவில்லை. இதற்கெல்லாம் காரணம் இவர்கள்தான் என்று படகில் இருந்தவர்களைக் கைகாட்டினான்.

"அது பொய்யின்னு யோகானுக்கும் தெரியும்," என்றார் சந்தியாகு அண்ணன். "என்னைப் பாத்துக்கிட்டே சொன்னாரு, நீ இல்லைன்னு எனக்குத் தெரியும், ஆனா என் கோவத்துல பங்கு கேட்டவன் அவன் ஒருத்தந்தான்னு."

நான் இதையெல்லாம் ஆர்வமாகக் குறித்துக்கொண்டேன். குறித்துக்கொண்டது உண்மை. அதற்கப்புறம் செய்தவையும் உண்மை.

முதலாவது, பயிற்சி முகாம். இராமநாதபுரத்தில் ஒரு திருமண மண்டபத்தில் மாவட்ட அளவில் நடத்தினோம். வெளிநாட்டுத் தேர்தல்கள் நமக்குச் சொல்லும் பாடம் என்பதே பொருள். சென்னையிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒருவர் திரையில் வரைபடங்கள் காட்டி இரண்டு மணி நேரம் பேசினார். சந்தியாகு அண்ணனுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தேன். நேரில் பார்த்த ஒருவரை மேடையேற்றுகிறோம் என்ற பெருமை எனக்கு. அவர் வெள்ளைச் சட்டை போட்டு, ஜெனிட்டாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அவர் ஐஸ் கம்பெனியிலிருந்து ஆரம்பித்தார். ஐஸ் இல்லாவிட்டால் பிடித்த இறாலை என்ன விலைக்குக் கேட்பார்கள், வலை கட்டுகிறவனுக்கு அதனால் என்ன ஆகும் என்று விவரமாகப் போனார். பின்வரிசைகளில் சலசலப்பு. முன்வரிசையில் பேராசிரியர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைமை வகித்த எனக்கு வெட்கமாகிவிட்டது. நம் மாவட்டத்தில் ஆழமாகப் பேச ஆளில்லை என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று பட்டது. ஒரு துண்டுச் சீட்டில் 'தலைப்புக்கு வாருங்கள்' என்று எழுதிக் கொடுத்தனுப்பினேன்.

அதை அறிவிப்பு என்று நினைத்துவிட்டார். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, ஒலிபெருக்கியில் எழுத்துக் கூட்டி வாசித்தார். "தலைப்புக்கு வாருங்கள்." மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு விளங்கிவிட்டது. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அம்புட்டுத்தாங்க," என்று சொல்லிவிட்டு இறங்கினார். ஜெனிட்டா எழுந்து தண்ணீர் குடிக்கப் போவதுபோல வெளியே போனார். தேநீர் இடைவேளையில் நான் சந்தியாகு அண்ணனிடம் போய், நேரம் இல்லை அண்ணே, அதனால்தான் என்றேன். பரவாயில்லை என்றார். பேராசிரியர் நன்றாகப் பேசினார் என்றும் சொன்னார். அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்து வந்த சட்டமன்றத் தேர்தலில் நானே வேட்பாளர். எதிரே நின்றவர்களில் ஒருவர் அரசியலுக்குப் புதியவர். நிலம் வாங்கி விற்கிறவர். கைப்பேசியில் ஓடும் சிறு படங்களில் கடற்கரை முழுக்கத் தெரிந்த முகம். ஐஸ் கம்பெனிகளிலும் ஓட்டல்களிலும் வேலைபார்க்கும் வடமாநிலத்துக்காரர்களால்தான் உங்கள் பிள்ளைகளுக்குப் பிழைப்பில்லை, ஜெயித்த மாதமே அவர்களை ரயிலேற்றுவேன் என்று பேசினார். அவர் வண்டி எங்கே நின்றாலும் கூட்டம் கூடியது. சந்தியாகு அண்ணன் ஊரில் அவருக்கு மாலை போட்டு அழைத்துவந்தவர் வலைக்கடை சேவியர். நல்ல வசதிக்காரர், ஊரில் செல்வாக்கு உள்ளவர்.

அதே ஊரில் நான் பேசிய அன்று, சந்தியாகு அண்ணன்தான் பக்கத்தில் நின்று மைக் பிடித்திருந்தார். அரசியல் சட்டத்துக்கு வந்திருக்கும் ஆபத்தைப் பற்றிப் பேசி முடித்தேன். மீன் விற்கும் செபஸ்தியம்மாள், கூடையைத் தரையில் வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். விடிகாலையில் ராம்நாட்டுச் சந்தைக்குப் போன பஸ் நின்றுபோய்விட்டது, ஷேர் ஆட்டோக்காரர்கள் மீன் கூடையை ஏற்ற மாட்டேன் என்கிறார்கள், அதற்கு என்ன வழி என்றார். போக்குவரத்துக் கழகத்தின் நிர்வாக முடிவு அது, சட்டமன்ற உறுப்பினரின் நேரடி அதிகாரத்தில் வராது என்று நான் விளக்கினேன். பிறகு, இதைவிடப் பெரிய ஆபத்து நம் தலைக்கு மேல் நிற்கிறது என்று சொல்லித் திரும்பவும் அரசியல் சட்டத்துக்குப் போனேன். செபஸ்தியம்மாள் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

ஜீப்பில் திரும்பும்போது சந்தியாகு அண்ணனும் என்னோடு வந்தார். பாலம் ஏறும்போது, "பஸ்ஸு என்னைக்கு நின்னுச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் வக்கீலம்மா," என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. காலையிலிருந்து தொண்டை வறளப் பேசியவள் நான். பஸ் விடுவதாகப் பொய் சொல்லச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார்.

வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் இருக்கையில் எங்கள் தேர்தல் குழு கூடியது. ஊர் ஊராக அந்தப் புது மனிதருக்குச் சாய்கிறது என்று செய்தி. வடமாநிலத் தொழிலாளர் விஷயத்தில் நாமும் ஏதாவது சொல்லாவிட்டால் கரையேற முடியாது என்று பலரும் சொன்னார்கள். சந்தியாகு அண்ணன் குழுவில் உறுப்பினர் இல்லை. தேநீர் கொண்டுவந்து வைத்தவர், அனுமதி கேட்டுப் பேசினார். யோகானின் ஊரிலும் பழைய கட்சி கடைசியில் இதைத்தான் செய்ததாம். தோற்ற பிறகு அவர்களும் வெளிநாட்டுக் கூலிகளைப் பழிக்க ஆரம்பித்தார்களாம். அடுத்த தேர்தலில் யோகான் அதற்காக அவர்களிடம் திரும்பிப் போகவில்லை. இத்தனை வருடம் சொல்லாததை இப்போது என் ஓட்டுக்காகச் சொல்கிறார்கள், இதையும் நம்பிச் சொல்லவில்லை என்றாராம்.

ஆனாலும் எங்கள் நோட்டீஸில் ஒரு வரி சேர்க்கப்பட்டது. 'வெளிமாநிலத்தவரின் கட்டுப்பாடற்ற வருகையால் நம் கடற்கரை மக்களின் வாழ்வாதாரம் பறிபோவதைத் தடுப்போம்.' அந்தச் சொற்களை எழுதியது நான். சட்டப்படி பிடிபடாத மாதிரி, கேட்கிறவனுக்கு மட்டும் புரிகிற மாதிரி எழுதத் தெரிந்தவள் நான்தானே.

மறுநாள் பிற்பகல் அவர் தம் ஊருக்கான நோட்டீஸ் கட்டை அப்படியே அலுவலகத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். மேசையில் வைத்தார். கட்டின் கயிறு அவிழ்க்கப்பட்டு, ஒரே ஒரு தாள் மட்டும் வெளியே எடுக்கப்பட்டிருந்தது. அந்த வரியின்மேல் விரலை வைத்தார்.

"இது என்னைப் பத்தி எழுதியிருக்கு வக்கீலம்மா."

உங்களைப் பற்றி இல்லை அண்ணே, என்று ஆரம்பித்தேன்.

"அங்கன என் படகுக்கு எதுத்தாப்புல சுவத்துல ஒட்டியிருந்தாக. எழுத்து வேற. இதே சொல்லுதான். நான் தெனமும் அதைப் பாத்துக்கிட்டே சமைச்சேன். இதை நான் எங்க ஊருல குடுக்க மாட்டேன். மத்த வேலை எதுன்னாலும் சொல்லுங்க, செய்யிறேன்."

சொன்னபடியே மற்ற வேலைகளைச் செய்தார். வெயிலில் அலைந்தார். வாக்குச்சாவடி முகவராகக் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். அந்த நோட்டீஸை வேறு ஆள் வைத்து நான் அந்த ஊரில் கொடுக்கச் செய்தேன். அவருக்கு அது தெரியும்.

மூன்றாவதாக வந்தேன். புது மனிதர் வென்றார். வாக்கு எண்ணிக்கை மையத்துக்கு வெளியே வந்தபோது கட்சிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். யார் கையில் கைப்பேசி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. "பொய்யைக் கேட்டு ஓட்டுப் போடுற ஜனத்துக்கு என்ன செஞ்சாலும் விளங்காது. இந்தக் கடற்கரைக்காக இத்தனை வருசம் உழைச்சேனே, என்னைச் சொல்லணும்," என்றேன். அன்று மாலைக்குள் அந்தக் குரல் கடற்கரை முழுவதும் போய்விட்டது. பிற்பாடு கேட்டுப் பார்த்தேன். அழுகை கலந்த குரலாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். இல்லை. வீட்டு வேலைக்காரியை வைகிற எசமானியின் குரல் அது.

சந்தியாகு அண்ணன் இரண்டு நாள் கழித்து வந்தார். ஊருக்கு ஒருதரம் வந்து போங்கள் என்றார். "பேச வேணாம். கோயில் வாசல்ல சும்மா உக்காருங்க. பொம்பளைக நாலு வார்த்தை வைவாக. கேட்டுக்கிட்டா போதும்." நான் சட்டப்படி யோசித்தேன். என் சொற்கள் எவர் மனத்தையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துகிறேன், அவை திரித்துப் பரப்பப்படுகின்றன என்று ஓர் அறிக்கை எழுதி அவர் கையில் கொடுத்தேன். வாசிக்கக் கண்ணாடி எடுத்தவர், எடுத்ததைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டுத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

அதன்பின் அவரை நான் நான்கைந்து முறைதான் பார்த்திருப்பேன். பார்க்க வேண்டாம் என்று முடிவெடுக்கவில்லை. அவர் வந்தால் உட்காரச் சொல்வேன், வழக்குக்கு வந்த யாரையாவது பார்க்க வேண்டியிருக்கும், எழுந்துவிடுவேன். பெண்களைச் சேர்த்துக்கொண்டு பஸ் டெப்போவுக்கு நடையாய் நடக்கிறார் என்று கேள்விப்பட்டேன். செய்யட்டும் என்று இருந்துவிட்டேன். அவர் ஒருநாள் அழைத்து, பஸ் திரும்ப விடுகிறார்கள், முதல் நாள் எல்லாரும் ஏறுகிறோம், நீங்களும் வாருங்கள் என்றார். அன்று எனக்கு நீதிமன்றத்தில் ஒரு வழக்கு இருந்தது. வாய்தா வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. அவரோடு நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

இனி அடக்க நாளைப் பற்றி.

கோயிலில் பூசை முடிந்து பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கினார்கள். ஊரே வந்திருந்தது. பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள் என்று எண்ணிப் போனவள் நான். எங்கள் கட்சிக்காரர்கள் என்னோடு சேர்த்து ஆறு பேர். தோட்டத்து வாசலுக்கு வெளியே, ஐஸ் கம்பெனி வேலைச் சட்டையோடு ஒடிசாக்காரர்கள் சிலர் ஒதுங்கி நின்றிருந்தார்கள். கையில் ஒரே ஒரு மாலை. அவர்களுக்கு ஆஸ்பத்திரி, கைப்பேசிக் கடை, சம்பளத் தகராறு என்று எல்லாவற்றுக்கும் சந்தியாகு அண்ணன்தான் போய்வந்திருக்கிறார். உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்கள். நான் அவர்களைக் கண்டேன். கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த ஊர் அவர்களை உள்ளே விடாது என்று நினைத்தேன். இந்த ஊரைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் அல்லவா?

பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கிவந்தவர்களில் சேவியரும் ஒருவர். வாசலில் நின்றார்.

"ஏலே, அங்கன ஏன் நிக்கிறீக? வந்து தோள் குடுங்க," என்றார்.

அவர்களில் மூத்தவர் வந்தார். சேவியர் தன் இடத்தை விட்டு விலகி, அவர் தோளுக்குப் பெட்டியை மாற்றிக் கொடுத்தார். என் பேச்சை ஊர் முழுக்க அனுப்பியவர் சேவியர்தான். அந்தப் புது மனிதருக்கு இன்றும் அவர்தான் அந்த ஊரில் ஆள். அவர் மனம் மாறிவிட்டார் என்று நான் எழுதவில்லை. அடுத்த தேர்தலிலும் அவர் அப்படியே ஓட்டுப் போடலாம். அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது மட்டும் அந்த வாசலில் எனக்குத் தெரிந்தது.

குழியருகில் செபஸ்தியம்மாள் என்னைப் பார்த்துப் பக்கத்தில் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"வந்துட்டீக," என்றார். "வருவீகன்னு அண்ணன் சொல்லிக்கிட்டே இருந்தாக."

எனக்கு விளங்கவில்லை. ஜெனிட்டாதான் சொன்னார். என் குரல் பரவிய வாரத்தில் அவருடைய அய்யா வீடு வீடாகப் போயிருக்கிறார். வக்கீலம்மா பேசியது தப்பு, அவர்களுக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். எங்கே அந்தம்மா என்று கேட்டவர்களிடம், நேரில் வருவார்கள், வந்து அவர்களே கேட்பார்கள் என்றிருக்கிறார். நான் எழுதிக்கொடுத்த அறிக்கையை அவர் எவரிடமும் காட்டவில்லை. காட்டினால் இன்னும் கோபப்படுவார்கள் என்று ஜெனிட்டாவிடம் சொன்னாராம். மாதங்கள் போயின. ஆட்கள் கேலி பேச ஆரம்பித்தார்கள். உங்க வக்கீலம்மா எந்த பஸ்ஸில் வருகிறார் என்று கேட்பார்களாம். வேலை இருக்கும், வருவார்கள் என்பாராம்.

சாமியார் ஜெபத்தை முடித்துவிட்டு, கட்சியின் சார்பில் இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று என்னை அழைத்தார். எத்தனையோ இரங்கல் கூட்டங்களில் பேசியவள். நேர்மை, எளிமை, தன்னலமின்மை எல்லாம் நாக்கில் தயாராக இருந்தன. அவற்றைச் சொல்ல முடியவில்லை.

"நான் உங்களைப் பத்திப் பேசுனது தப்பு," என்றேன். "நோட்டீஸில எழுதுனதும் தப்பு. இவர் சொன்னதைக் கேட்டுக்கிட்டு நான் என் இஷ்டத்துக்கு நடந்தேன். இவர் இருக்கும்போதே வந்து சொல்லியிருக்கணும். மன்னிச்சுக்குங்க."

யாரும் மன்னித்தோம் என்று சொல்லவில்லை. கடல் பக்கமிருந்து காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. செபஸ்தியம்மாள்தான் பேசினார்.

"சொன்னது சரிதான். இனிமே வருவீகளா?"

வருவேன் என்றேன்.

"பாப்போம்," என்று சொல்லி, குனிந்து ஒரு பிடி மண் அள்ளிக் குழிக்குள் போட்டார். பின்னாலேயே ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். என் முறை வந்தபோது நானும் போட்டேன்.

தோழர்களே, மதுரையில் நான் பேசாமல் விட்ட அந்தப் பன்னிரண்டு பக்கங்களைப் பலர் கேட்கிறார்கள். இதழில் போடலாமே என்கிறார்கள். வேண்டாம். வெளிநாட்டில் எவன் எப்படி வென்றான் என்பதை எனக்கு மிகச் சரியாகச் சொன்ன ஒரு மனிதர் இந்த மாவட்டத்தில் இருந்தார். மேடையில் அவரைப் பேசவிடாமல் இறக்கினேன். அவர் தினமும் பார்த்துக்கொண்டே சமைத்த சுவரொட்டியை நான் தமிழில் எழுதினேன். தோற்றதும் மக்களைத் திட்டினேன். நாம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று இனி எந்த ஊரில் நான் பேசப்போனாலும் இவற்றைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லிவிட்டு, எதிரே உட்கார்ந்திருப்பவர்களிடம் அவர்கள் ஏன் அப்படி ஓட்டுப் போட்டார்கள் என்று கேட்டு, அவர்கள் முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அது எனக்கு வருமா என்று தெரியவில்லை. என் தொழிலே குறுக்கிடுவது.

அடக்கத்துக்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அந்த ஊருக்குப் போயிருக்கிறேன். முதல் ஞாயிறு பெண்கள் எழுந்து போய்விட்டார்கள். இரண்டாவது ஞாயிறு இருவர் உட்கார்ந்தார்கள், வைதார்கள். மூன்றாவது ஞாயிறு செபஸ்தியம்மாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் மணலிலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன். நாற்காலியில் உட்காருங்கள், உங்கள் முகம் தெரிய வேண்டும் என்றார்.

திரும்பும் வழியில் கல்லறைத் தோட்டத்துக்குள் போனேன். இன்னும் கல் வைக்கவில்லை. மண் மேட்டில் ஒரு மரச் சிலுவை. நீல நிறப் பெயிண்டில் அவர் பெயரை யாரோ எழுதியிருந்தார்கள். பெயரின் கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் பலகையின் ஓரத்தில் வளைந்து இறங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு தம்ளரில் எரிந்து தீர்ந்த மெழுகு. நான் வருவதற்குச் சற்று முன்னர்தான் யாரோ வந்துபோயிருக்க வேண்டும், மெழுகு இன்னும் இளகலாக இருந்தது.

சந்தியாகு அண்ணே, நீங்கள் என்னை என்றைக்கோ மன்னித்துவிட்டீர்கள் என்று ஜெனிட்டா என்னிடம் சொன்னார். அது எனக்கு ஆறுதலாக இல்லை. ஆறுதல் வேண்டும் என்று இதை எழுதவும் இல்லை. நிம்மதியாகத் தூங்குங்கள். வருகிற ஞாயிறும் உங்கள் ஊருக்கு வாரேன்.